இரண்டு வினாடியும் நான்கு நிமிடமும்

இரண்டு வினாடி திறந்து மூடினால்
நடுவில் நான்கு விண்மீன்கள் தனித்தனியாய் நிற்கின்றன.
சுற்றிலும் ஒன்றுமில்லை, தார் பூசிய இருட்டு.

நான்கு நிமிடம் திறந்து வைத்தால்
சிறகு விரிகிறது, புகை சுருள்கிறது,
அந்த நான்கும்
ஒரே வெள்ளைக் குழியில் விழுந்து கிடக்கின்றன.

இரண்டையும் ஒரே படத்தில் உட்கார வைக்கப்
பிப்ரவரி முழுக்கப் போனது.
பகலில் சாரேமா தீவின் துறையில்
மீன்பிடிப் படகுகளுக்கு வெல்டிங்,
இரவில் இது.
எங்கள் பக்கம் ஓரியனை வேடன் என்று யாரும் சொல்வதில்லை,
கதிரடிக்கும் தடியும் வைக்கோல் வாரியும் என்பார்கள்.
கடலுக்குச் சற்று மேலே தாழ்ந்து போகும்,
வேலை முடிந்து வீடு திரும்புவது போல.

வெல்டருக்கு இது புதுச் சங்கதி இல்லை.
கறுப்புக் கண்ணாடியை இறக்கினால்
உருகும் குளம் தெரியும், அதன் கரை தெரியும்,
நான் நிற்கும் ஏணி தெரியாது.
தூக்கினால் ஏணி, கையுறை,
ரைவோவின் தேநீர்க் குவளை எல்லாம் தெரியும்,
அப்போது தீப்பொறியைப் பார்த்துவிட்டால்
ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல்.

கணினியிலும் அதற்குப் பெயர் முகமூடிதான்.
கறுப்பு பூசினால் மறைக்கும்,
வெள்ளை பூசினால் காட்டும்,
இடையில் இருக்கிறதே சாம்பல்,
அதில்தான் என் கூலியில்லாத வேலை.
விளிம்பு கூராக இருந்தால் ஒட்டுப்போட்டது தெரிகிறது.
மழுக்கினால் ஒளிவட்டம் கட்டிக்கொள்கிறது,
தேவாலயச் சுவரில் புனிதரின் தலை மாதிரி.

ரைவோ எட்டிப் பார்த்தான்.
"நடுவை விடு, மெய்லி. எரியட்டும்.
எரிவது எரிவதாகத் தெரிய வேண்டாமா?"
அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.
அதனால் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

பிறகு வெளிப்புறத்துக்குப் போனேன்.
வளைகோட்டின் அடியைப் பிடித்து மேலே இழு,
இன்னும் இழு.
இருட்டு நுரைக்கிறது, ஓசையில்லாத இரைச்சல்
மணல் மணலாய் எழும்புகிறது.
நான்காம் இரவு, கீழ் மூலையில்
ஊதா கலந்த ஒரு செம்மை.
மெல்லிய வளைவு.
யார் எடுத்த படத்திலும் நான் பார்த்திராதது.
எழுந்து நின்றுவிட்டேன். பூனை பயந்து ஓடியது.
அதற்கு ஒரு பெயர்கூட வைத்தேன்.

பெயர் வைத்த பிறகுதான்
ஒவ்வொரு படமாய்ப் பிரித்துப் பார்க்கும் புத்தி வந்தது.
எட்டு மணிப் படங்களில் இருக்கிறது,
ஒன்பதரையில் இருக்கிறது,
பத்துக்குப் பிறகு எதிலும் இல்லை.
நெபுலாவுக்குப் பத்து மணிக்குத் தூக்கம் வருமா?

ஹில்வேக்கு வரும்.
தெற்கே மூன்றாவது வீடு,
தக்காளி நாற்றுக்கு ஊதா விளக்கு போட்ட
கண்ணாடிக் கூடம்.
நான்கு இரவு நான் இழுத்து இழுத்து வளர்த்தது
அவளுடைய தக்காளியை.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன்.
மண் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டுக் குனிந்தாள்.
"என் தக்காளி அவ்வளவு தூரமா போயிருக்கிறது?"
ஆயிரத்து முந்நூறு ஒளியாண்டு என்றேன்.
"கடைக்காரன் இதற்கும் விலை குறைத்துத்தான் கேட்பான்."

விளக்கை அணைக்கவா என்று கேட்டாள்.
வேண்டாம், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு,
நாற்று வாடிவிடும் என்றேன்.
வியாழக்கிழமை ஏழு மணிக்கு
ஊதா அணைந்தது.
போய் நன்றி சொல்ல முடியவில்லை,
வானத்துக்கே நேரம் சரியாக இருந்தது.

அந்த இரவின் மூலையில் இருந்தது வேறு:
அழுக்குப் பழுப்பு,
மேசைத் துணியில் காய்ந்த தேநீர்க் கறை போல ஒரு தூசி.
அழகில்லை. இழுக்காமல் விட்டேன்.
நடுவில் நான்கையும் பிரித்தேன்,
ஆனால் கொஞ்சம் எரிய விட்டேன்.
ரைவோவிடம் அதைச் சொல்லவில்லை.

ஹில்வே கேட்டு வாங்கியது பழைய படத்தை,
தப்பான படத்தை.
சட்டம் போட்டு நாற்று மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறாள்.
அந்த மூலைக்கு நான் வைத்த பெயர்
அவளுக்கு மட்டும் தெரியும்.