உதைக்கிற கணக்கு

வண்டிக்குப் பதினான்கு மாதம்தான்.
இருக்கையில் புதுவாசனை இன்னும் போகவில்லை.
ஓடியிருப்பதோ
ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரம் கிலோமீட்டர்.
பால்பல் விழாத பிள்ளைக்கு
முட்டிவலி வந்த மாதிரி.

பாதி விலை சொன்னாள் தெல்ஃபினா.
பாதி விலை என்றதும் பாதிப் பயம் வந்தது எனக்கு.

சபாலாவின் காற்று
கதவைத் திறக்க விடாது, திறந்தால் மூட விடாது.
அதோடு மல்லுக்கட்டியபடி
என் அக்கா புருஷன் செஃபெரினோ
சரளைக்கல்லில் மல்லாந்து வண்டிக்கடியில் நுழைந்தான்.
கால்கள் மட்டும் வெளியே கிடந்து பேசின:
"எண்ணெய்க் கசிவு இல்லை.
பிரேக் கட்டை தேயவே இல்லை.
எல்லாம் நெடுஞ்சாலை ஓட்டம்.
ஓடிக் கெட்ட வண்டியைவிட
நின்று கெட்ட வண்டிதான் நான் பார்த்தது அதிகம்."
எழுந்து, மண்ணைத் தட்டி,
பழக்கதோஷத்தில்
டயரை ஓர் உதை உதைத்தான்.

"ஒஸ்வால்தோ நியூகெனில் ஆஸ்பத்திரி லேபில் இருந்தான்"
என்றாள் அவள்.
"போக நூற்று எண்பத்தைந்து, வர நூற்று எண்பத்தைந்து.
அங்கேயே அறை எடுத்துத் தங்கு என்றேன்.
மாட்டேன், ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றான்.
வந்தான்.
முன்னூறு நாள் வேலை,
முன்னூறு ராத்திரியும் வந்தான்."

நான் தண்ணீர் மீட்டர் பார்ப்பவள்.
வீடு வீடாகக் குனிந்து
எண் எழுதி எழுதி
மனசுக்குள்ளேயே பெருக்கும் வியாதி பிடித்திருக்கிறது.
முன்னூறு தடவை முன்னூற்று எழுபது:
ஒரு லட்சத்துப் பதினோராயிரம்.

பன்னிரண்டாயிரம் உதைத்தது.

கடைக்கு, சர்ச்சுக்கு, பெட்ரோல் போட என்று
இரண்டாயிரத்தைத் தள்ளிப் பார்த்தேன்.
தாராளமாக மூவாயிரம்.
அப்போதும் உதைத்தது.

எல்லாக் குழாயும் மூடியிருக்கையில்
மீட்டரின் சின்ன முள் சுற்றுகிறதென்றால்
சுவருக்குள் எங்கோ ஒழுகுகிறது.
அதைச் சொன்னால் முகம் மாறுவார்கள்,
நான்தான் ஓட்டை போட்டேன் என்பது போல.
அதனால் சொல்வதை நிறுத்திப் பல வருஷமாகிறது.
எண்ணை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன்.

உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டு ஏறினேன்.
பக்கத்து இருக்கை
டேஷ்போர்டை முட்டும் அளவு முன்னால் இழுத்திருந்தது.
அவ்வளவு குட்டைக் கால் யாருக்கு?
தெல்ஃபினா வாசலில் நிற்கிறாள்,
நிலைப்படிக்குத் தலை குனிய வேண்டிய உயரம்.

அம்மாவாக இருக்கலாம்.
வழியில் கை காட்டிய யாரோ ஒரு பிள்ளையாக.
இருக்கலாம்.
கையை அடியில் விட்டு
நெம்புகோலைத் தூக்கினேன்.
சத்தமில்லாமல் இருக்கை பின்னால் போனது.

இறங்கியபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"பெருக்கிப் பார்த்தாயா?"
பொய் சொல்ல வாய் எழவில்லை.
"நானும்தான்," என்றாள்.
"காகிதத்தில் போட்டேன், கால்குலேட்டரில் போட்டேன்.
பெட்ரோல் ரசீதை வைத்து ஒரு தரம்.
அவனிடம் மட்டும் கேட்கவில்லை.
அவன் முந்திக்கொண்டு
போன மாதம் பேருந்தில் போனான்,
வண்டியை எனக்கே விட்டுவிட்டு.
நல்லவன் பார்."

செஃபெரினோ காற்றில் பாதி கேட்டு
"என்ன, கிலோமீட்டரைக் குறைத்து வைத்திருக்கிறார்களா?" என்றான்.
"இல்லை, சரியாகத்தான் இருக்கிறது" என்று
இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

எனக்கு வேலைக்கு வண்டி வேண்டும்.
பழைய வேனின் தரையில் இப்போது
என் காலணியும் சாலையும் ஒன்றையொன்று பார்க்கின்றன.
இதன் டைமிங் பெல்ட்டை உடனே மாற்றணும்,
கண்ணாடியில் கல் பட்ட இரண்டு நட்சத்திரம்,
அதற்கெல்லாம் இன்னும் குறைக்கச் சொல்லித்தான்
வழி முழுக்க ஒத்திகை பார்த்து வந்தேன்.

கேட்ட விலையைக் கொடுத்தேன்.
வீடு வந்து சேரும்வரை
"பேரம் பேசத் தெரியாதவள்" என்று
திட்டிக்கொண்டே வந்தான் செஃபெரினோ,
பக்கத்து இருக்கையில்
காலை நன்றாக நீட்டி உட்கார்ந்து.