நிலவறையில் மிஞ்சிய பதினேழு

லீஸ்லோட்டும் வன்னஸும் பிரிகிறார்கள்.
வழக்கறிஞர் சோபாவைப் பிரித்துவிட்டார்,
சைக்கிள்களை, சேமிப்பை,
நாயின் சனி ஞாயிறுகளைக்கூட.
நிலவறையில் மிஞ்சிய பதினேழு பீர் புட்டிகளுக்கு மட்டும்
சட்டத்தில் இடமில்லை.

"குடித்தே தீர்த்துவிடலாம்" என்றாள் அவள்.
எதில் தொடங்குவது என்பதில் மறுபடி சண்டை.
அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.
கால்வாய் முனைக் கடையில்
இருபத்திரண்டு வருடமாக ஊற்றிக்கொடுப்பவன் நான்.
கெண்ட் நகரத்தில் இதுவும் ஒரு பஞ்சாயத்து.

மணி ஆறு. நவம்பர்.
டிராம் கம்பியில் மழை தொங்கிக்கொண்டிருந்தது.
படங்கள் கழற்றிய சுவரில்
வெளுத்த சதுரங்கள்.

இரவு நீளம், நாக்கு குட்டை என்றேன்.
கறுப்பில் கை வைத்தால்
எட்டு மணிக்கே எல்லாம் ஒரே ருசி,
ஒன்பதுக்கு உண்மை பேசத் தொடங்குவீர்கள்.
அதற்கு இன்றைக்கு அவசரமில்லை.

எனவே முதலில் பில்ஸ்னர்:
வாயைக் கழுவி வாசல் திறந்துவிட்டுப்
போய்விடும் விருந்தாளி.
அடுத்து கோதுமை பீர், கலங்கல் வெள்ளை,
ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும்
எங்கோ பின்னறையில் பேசுவதுபோல் மணக்கும்.
பிறகு சைசோன்,
வயலில் வேலை செய்தவர்களுக்காகக் காய்ச்சியது,
மிளகுக் காரம், வறண்ட முடிவு.
இடையிடையே தண்ணீர்.
சீஸ் துண்டுகள், கடுகு விழுது.

வன்னஸ் ட்ரிப்பலை எடுத்துத் திருகிக்கொண்டிருந்தான்.
"ஒன்பது சதவீதம் எதற்குக் காத்திருக்க வேண்டும்?"
"பதினொரு வருடமாக
இதைத்தான் நானும் கேட்டேன்" என்றாள் லீஸ்லோட்.
கடுகு ஜாடியை
இருவருக்கும் நடுவே நகர்த்தி வைத்தேன்.
என் தொழிலில்
சில வேளைகளில் அவ்வளவுதான் செய்ய முடியும்.

சைசோன் முடிந்தபோது சிரிப்பு வந்திருந்தது.
யாரோ ஒரு அத்தை, யாரோ ஒரு கூடாரம்,
ஆர்டென் காட்டில் மழை ஒழுகிய இரவு.
எனக்குப் புரியவில்லை,
புரியத் தேவையுமில்லை.

அப்போதுதான் அது மேலே வந்தது.
கம்பி கட்டிய கார்க், தோளில் தூசி,
கழுத்தில் நூலில் கட்டிய சீட்டு,
அவள் கையெழுத்து:
பத்தாம் ஆண்டு நிறைவுக்கு.
போன வருடம் அந்தத் தேதியில்
அவன் ஆண்ட்வெர்ப்பில் கூட்டத்தில் இருந்தான்,
அவளும் நினைவூட்டவில்லை.

கூஸ் பீரை எங்கே வைப்பது?
இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு.
புளிப்பு இனிப்புக்கு முன்னால் வர வேண்டும்,
பின்னால் வந்தால் இரண்டுமே பாழ்.
கடையில் நூறு முறை சொல்லியிருக்கிறேன்.
அன்று வாய் திறக்கவில்லை.
பாதாள அறைக்கே திரும்பட்டும் என்று
மூவருமே ஒரு நொடி நினைத்திருப்போம்.

அவள்தான் கம்பியை அவிழ்த்தாள்.
கார்க் பெருமூச்சுபோல் வெளியே வந்தது.
பச்சை ஆப்பிள், ஈரச்சுவர்,
குதிரைமேல் போட்ட கம்பளம்,
எங்கோ ஒரு எலுமிச்சை.
மூன்று கோப்பைகளில் சமமாக ஊற்றினேன்,
அன்று மாலை நான் சரியாகப் பிரித்தது அது ஒன்றுதான்.

நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது.
கெட்டுப்போயிருந்தால்
நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன்பின் என் பட்டியலை யாரும் பார்க்கவில்லை.
டப்பல், ட்ரிப்பல் இரண்டும் பெயருக்குத் திறந்தன.
அத்திப்பழக் கறுப்பான க்வாட்ரூப்பலை
ஒருவரும் தொடவில்லை.
வன்னஸ் சமையலறைக்குள் போய்
இறைச்சிக் குழம்புக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த
மேசை பீரைக் கொண்டுவந்தான்.
ஒன்றரை சதவீதம்.
முன்னெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே
ஊற்றிய சமாச்சாரம்.
நள்ளிரவுக்கு மேல் அதைக் குடித்துக்கொண்டு
பழைய குளிர்பெட்டி யாருடையது என்று
தாழ்ந்த குரலில் பேசினார்கள்.
ஒருவரும் அதைக் கேட்கவில்லை,
இருவருமே மற்றவரிடம் தள்ளினார்கள்.

காலை எட்டுக்கு வண்டி வரும்.
மிஞ்சிய புட்டிகளை எண்ணினேன்:
ஏழு. ஒற்றைப்படை.
அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

கோட்டை மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன்.
அவரவர் கோப்பையை அவரவர் கழுவினார்கள்.
துடைக்கும் துணி
ஒன்றுதான் இருந்தது.