மூன்றரை மணிக்கு ஒரு முட்டை

டுலூத்தில் டிசம்பர் மாதம்
நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும்.
ஏரி மேல் ஆவி கிளம்பும்,
யாரோ அடியில் உலை வைத்திருப்பது போல.
பனி தள்ளும் வண்டியை மேட்டோரம் நிறுத்தி
கையுறை கழற்றி
முட்டை உரிக்கிறேன்.

மூன்றரை மணி. அதுதான் சட்டம்.
பசி வந்து கதவு தட்டுமுன் சாப்பிட்டுவிடு
என்பாள் ஆர்டித்.
இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடச் சமையல்.
ஒன்பது வருஷமாய்க் குடியில்லை.
"தாகம் என்று நீ நினைப்பதில் பாதி
வெறும் பசி, மாவிஸ்.
மீதிப் பாதிக்கு என்னிடம் மருந்தில்லை.
போன் போடு."

செவ்வாய் இரவுகளில் தேவாலயத்தின் நிலவறையில்
பன்னிரண்டு பேர், எலும்பு சூப்,
வாயில் வழுக்கும் மீன் எண்ணெய் மாத்திரை.
ஆளுக்கொரு நோட்டு.
தின்றதை எழுத வேண்டும்,
தூங்கியதை எழுத வேண்டும்.
கடைசிக் கட்டத்தில் ஓர் எண்:
குடிக்கிற ஆசை, பத்துக்கு எத்தனை.

முட்டையா என்னைக் காப்பாற்றியது?
தெரியாது.
ஐனோ சத்தியம் செய்வான்,
பாதாம் பருப்பு பத்து, அதுதான் என்பான்.
கை நடுக்கம் நின்றது நிஜம்.
காலையில் கண்ணாடியில் தெரிகிறவள்
எனக்குத் தெரிந்தவளாக இருக்கிறாள், அதுவும் நிஜம்.

லேலண்டின் நோட்டுதான் எங்களிலேயே அழகு.
ஸ்கேல் வைத்துக் கோடு போடுவான்.
ஒரு வேளையும் தப்பியதில்லை.
போன டிசம்பர் இருபத்தாறு:
முட்டை இரண்டு, ஓட்ஸ், வான்கோழி மீதம்.
ஆசை: ஒன்று.
மணிமணியான கையெழுத்தில், ஒன்று.
ஜனவரி நாலாம் தேதி
அவன் காரைக் கப்பல்துறைக்குப் பின்னால் கண்டார்கள்.
அவனுடைய சூப் கோப்பையை ஆர்டித் எறியவில்லை,
அலமாரியில் வைத்துக் கும்பிடவும் இல்லை.
அதில்தான் உப்பு அள்ளுகிறாள்.

அதே கிறிஸ்துமஸில் நான்
தங்கை வீட்டுச் சமையலறைச் சந்துக்குள் நின்று
வெனிலா எசன்ஸ் குடித்தேன்.
குப்பி முழுக்க.
கொரின் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
பிஸ்கட்டில் ஏன் வாசமே இல்லை என்று
அவள் பிள்ளைகள்தான் கேட்டார்கள்.
என் மூச்சில் இருந்தது அத்தனை வாசமும்.

இந்த வருஷமும் கூப்பிட்டாள்.
அவள் பழக்கேக்குக்கு நவம்பரிலிருந்தே
வாரம் ஒரு கரண்டி ரம் ஊட்டுவாள்.
ஒரு பிள்ளையைப் போல் வளர்ப்பாள்.
நான் தகர டப்பாவில் என் சாப்பாட்டோடு போனேன்:
கோழி, பருப்பு, முட்டைக்கோஸ்.
"என் கை ருசியில் என்ன குறை?"
மூஞ்சி சுருங்கிவிட்டது அவளுக்கு.
குறை ருசியில் இல்லை என்று சொல்ல
பன்னிரண்டு பேர் நடுவில் எனக்கு வருகிறது.
ஒரே வயிற்றில் பிறந்தவளிடம் வரவில்லை.

பிறகுதான் பார்த்தேன்,
கேக்குக்கும் ஹாமுக்கும் நடுவே
ஒரு கிண்ணம் அவித்த முட்டை.
அவளுக்கு உரிக்க வராது, சின்ன வயதிலிருந்தே.
பள்ளமும் மேடுமாய்,
தோல் சில்லு ஒட்டிக்கொண்டு,
பூனை பிறாண்டியது போல் பதினோரு முட்டை.
இரண்டு தின்றேன்.
ஓட்டுத்துண்டு பல்லில் நறநறத்தது.
துப்பவில்லை.

தட்டு கழுவப் போனபோது
வெனிலா குப்பி இருந்தது, திறந்த தட்டில்,
பழைய இடத்தில், நிரம்பி.
மறந்துவிட்டாளா, நம்பிவிட்டாளா?
கேட்கவில்லை.
தண்ணீர் சூடாக ஓடியது.
குப்பியைத் திருப்பி
அதன் பெயர் சுவரைப் பார்க்கும்படி வைத்தேன்.

வண்டிக்குள் வந்து நோட்டைத் திறந்தேன்.
முட்டை இரண்டு, கோழி, பருப்பு.
பேனா மை குளிரில் உறைந்திருந்தது.
வாயால் ஊதி ஊதி எழுதினேன்,
ஆசை: ஆறு.
அடித்துவிட்டு ஏழு.

ஆர்டித் இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.
பின்னால் யாரோ பாட்டுப் பாடினார்கள், சுருதி இல்லாமல்.
"ஏழா," என்றாள்.
"சரி. இங்கே வா. சூப் இறக்கவில்லை இன்னும்.
வரும்போது உப்பு வாங்கி வா."