உலர் வலயம்

ஒக்டோபர் பதினேழு.
கடைசி விருந்தாளியும் வானில் ஏறிப் போய்விட்டார்.
நிலாவெளிக் கடல் கலங்கத் தொடங்கியாயிற்று.
பாரில் நாங்கள் மூன்று பேர்:
கணக்கெழுதும் நான்,
பரிமாறுகிற மெல்வின் பல்தசார்,
கிண்ணியாவிலிருந்து வரும் சமையல்காரர் அஜ்வாத்.
மேசையில்
திறந்து மீந்த போத்தல்கள் நான்கு.
இனிச் சித்திரைக்குத்தான் கதவு திறக்கும்.
அதுவரை இவை தாங்கா.

'பழுது' என்றொரு நிரல் உண்டு என் கொப்பியில்.
எழுதுமுன்
எதைப் பழுதென்று எழுதுகிறோம் என்று
தெரிய வேண்டாமா என்றார் மெல்வின்.

எனக்கு வைன் என்றால் பூசை வைன்தான்.
பாலையூற்றுக் கோயிலில்
அப்பத்தின் நுனியில் நனைந்து வரும் இனிப்பு.
"இது வேற. இது டிறை."
அப்படியென்றால்?
"காய்ஞ்சது."
கிளாஸில் ஆடுகிற ஒன்று எப்படிக் காய்ந்ததாகும்?

எட்டாம் வகுப்புப் புவியியல் ஞாபகம் வந்தது.
இலங்கைப் படத்தில் மஞ்சள் அடித்த பக்கம்
உலர் வலயம்.
திருகோணமலை அதற்குள்.
மாரி வெள்ளம் வகுப்புக்குள் வர
வாங்கின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு
பாடமாக்கினோம்,
நாங்கள் காய்ந்த ஊர்க்காரர் என்று.

ஷெரி. வைக்கோல் ஊறிய தண்ணீரின் நிறம்.
"குடியாதேங்கோ. முதல் மூக்கு."
என் மூக்குக்கு ஒன்றும் வரவில்லை.
வாயில் வைக்காத அஜ்வாத்
அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார்.
கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
கிளாஸின் மேல் குனிந்தார்.
"கொட்டங்காய் உடைச்ச கை."
கொஞ்சம் பொறுத்து,
"அப்பத்துக்குப் புளிச்ச மா. விடிய மூடி திறந்த உடன."
நிமிர்ந்த பிறகு,
"கும்புறுப்பிட்டி உப்பள வரம்பு.
மழைக்கு முதல் நாள்."
சூடை மீனைத் திருப்பப் போய்விட்டார்.

நாக்கில் விட்டேன்.
இனிப்பு வரும் என்று காத்திருந்த இடத்துக்கு
யாரும் வரவில்லை.
ஓரங்களில் உவர்ப்பு.
உள்ளே போகும் வழியில்
பிஞ்சுப் பாக்கின் துவர்ப்பு.
விழுங்கி முடிந்தபோது
முடியவில்லை.

பீப்பாவுக்குள் அதன் மேல்
வெள்ளையாய் ஒன்று பூத்திருக்குமாம்,
காற்றுப் படாமல் காக்குமாம்.
அம்மா அதைத்தான்
"பூத்திட்டுது" என்று முகம் சுளித்து
ஊறுகாய் ஜாடியோடு வேலியோரம் கொட்டுவாள்.

அடுத்தது வெள்ளை வைன்.
தேசிக்காய்த் தோலைக் கிள்ளினால்
கண்ணில் தெறிக்குமே, அது.
"அடியில ஈரக் கல்" என்றார் மெல்வின்.
எப்போது கல்லை நக்கினீர்கள்?
"சின்னனில. டொக்யார்ட் மதிலை.
எல்லாத்தையும் நக்கியிருக்கிறன்."

மூன்றாவது நனைந்த சாக்கு.
தக்கை கெடுத்துவிட்டது; மூவரும் ஒரே முகம் காட்டினோம்.

நான்காவது, யாரோ தேனிலவுக்காரர் விட்டுப்போன
இனிப்பு வைன்.
கோயில் மணி அடிக்கும் என்று பார்த்தேன்.
பல்லில் ஒட்டியது, அவ்வளவுதான்.
பாதிக் கிளாஸைச் சிங்கில் ஊற்றினேன்.
கொஞ்சம் குற்றமாய்த்தான் இருந்தது.

சூடை மீன் வந்தது, உப்புத் தூவி, முள்ளோடு.
ஷெரியிடம் திரும்பிப் போனோம்.
மீனின் எண்ணெயை அது துடைத்துவிட,
அடுத்த மீனுக்கு வாய் புதிதாய் இருந்தது.
ஒரு மணி நேரம் யாரும் சம்பளப் பாக்கி பற்றிக் கதைக்கவில்லை.
"எப்படி இருக்கு?" என்றார் அஜ்வாத்.
நீங்கள் சொன்னதுதான், என்றேன்.
மணந்தவருக்கு வார்த்தை.
குடித்தவளுக்குத் தாகம்.

இருட்டியது. கொப்பியை இழுத்தேன்.
ஷெரி, முக்கால் போத்தல். காரணம்:
பேனை நின்றது.
கூரையில் மாரியின் முதல் மழை விழத் தொடங்கியது.
'காய்ந்துவிட்டது' என்று எழுதிக்
கையெழுத்து வைத்தேன்.
கொழும்பிலிருந்து கேட்டால்
புவியியலைச் சொல்லலாம்.