சட்டப்படி இது தண்ணீர் அல்ல

தேசராணி கொண்டு வந்தது
ஒரு லிட்டர் கோலா பாட்டில்.
செவ்வாய் ராத்திரி ரெண்டு மணிக்கு
எண்ணூர்க் கழிமுகத்தில்
இடுப்பளவு நின்று முக்கியது.
லேபிளைக் கிழித்துவிட்டு
வெள்ளை பிளாஸ்திரி ஒட்டித் தேதி போட்டிருந்தாள்.
"மோந்து பாரு சார்."

நான் மூடியைத் திறக்கவில்லை.
திறந்தால் நானும் சாட்சி.

சொன்னேன்:
மாதிரியை நாங்கள்தான் எடுக்க வேண்டும்.
எடுக்கும் முன் ஆலைக்கு நோட்டீஸ் தர வேண்டும்.
அவர்கள் ஆள் பக்கத்தில் நிற்க,
ரெண்டாகப் பிரித்து, அரக்கு வைத்து,
அவர் ஒரு கையெழுத்து, நாங்கள் ஒரு கையெழுத்து.
அப்புறம்தான் அது தண்ணீர்.

"அப்போ இது இன்னா?"

பதில் எந்த விதியிலும் இல்லை.
அவள் கைகளைப் பார்த்தேன்.
சேற்றுக்குள் இறால் தடவும் கை;
நகக்கண் பத்தும் வெந்து வெளுத்திருந்தன.
பாட்டிலை மேசைமேலேயே விட்டுவிட்டுப்
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போனாள்.

புதன்கிழமை நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.
வியாழக்கிழமை ஜீப்.
டீசல் பில் மூணு மாசமாய்ப் பாக்கி,
பங்கில் டிரைவர் சர்தார் தன் காசைப் போட்டார்.
எர்ணாவூர் மேம்பாலத்தில் கன்டெய்னர் லாரிகள்
ஒன்றின் பின்னால் ஒன்றாய் உறங்கிக்கொண்டிருந்தன.
ஐஸ் பெட்டியில் ஐஸ் உருகி
வெறும் பாட்டில்கள் மிதந்தன.
பின்சீட்டில் ஏ.இ. மேடம்
நூத்திப் பதினேழு ஆலைக்கு ஒரே ஆள்,
பக்கத்து மண்டலமும் கூடுதல் பொறுப்பு,
மடியில் வேறெதோ ஆலையின் கோப்பு.
அதற்கு மேல்முறையீட்டில் தடை.
தடை வந்தபோது அவர் கல்லூரியில் இருந்தாராம்.

கேட்டில் பெயர் எழுதினோம்.
தலைக்கு மஞ்சள் ஹெல்மெட் தந்தார்கள்.
"வாங்க மேடம், பத்து மணிக்கே எதிர்பார்த்தோம்"
என்றார் மேனேஜர் ஜெபராஜ்.
எலுமிச்சை ஜூஸ் வந்தது.

குழாய் கொட்டிக்கொண்டிருந்தது.
அப்படி ஒரு தண்ணீர்!
பி.எச். ஏழு புள்ளி ரெண்டு.
எங்கள் ஆபீஸ் கேனில்கூட அவ்வளவு சுத்தம் கிடையாது.
ரெண்டாகப் பிரித்தோம். அரக்கு வைத்தோம்.
அவர் கையெழுத்துதான் எங்களுடையதைவிட அழகு.

ஞாயிற்றுக்கிழமை
தண்டையார்பேட்டையில் தங்கச்சி வீட்டில் சாப்பாடு.
அவள் புருஷன் குணாளன் அதே ஆலையில் கான்ட்ராக்ட் ஃபிட்டர்.
எறா தொக்கை என் தட்டில் தள்ளிவிட்டுச் சிரித்தான்:
"நீ நோட்டீஸ் குடுத்துட்டுக் கேட்டைத் தாண்டறதுக்குள்ள
எனக்குப் போன் வந்துரும் மச்சான்.
துருப்பிடிச்ச வால்வு.
மூட அரை மணி, தொறக்க அரை மணி."
உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.
கொப்புளம் உடைந்து ரோஸாய்த் தோல்.
"நீங்க அடிக்கடி வராதீங்க.
வந்தா ரெண்டு நாள் ஷிப்ட் போவுது."
தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை.
குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் அடுத்த வாரம்.

எறா எங்கே வாங்கினது என்று கேட்க வந்து
கேட்காமல் சாப்பிட்டேன்.

கோப்பில் மேடம் எழுதினார்:
"ஆய்வின்போது புகாரில் கண்டவாறு ஏதுமில்லை."
அதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை.
ஆய்வின்போது ஏதும் இல்லைதான்.
தேசராணிக்குப் பதிவுத் தபால் போனது.
இதுவரை ரெண்டு முறை திரும்பி வந்திருக்கிறது,
"கதவு பூட்டு" என்று.
பகலில் அவள் தண்ணீரில் இருப்பாள்.

பாட்டில் ஜன்னலில் நிற்கிறது.
மேலே தெளிந்துவிட்டது.
அடியில் ரெண்டு விரல் கறுப்பு.
மாடிப்படியில் லாரி அதிரும்போதெல்லாம்
கறுப்பு ஒருமுறை எழுந்து பார்த்து
மறுபடி உட்கார்கிறது.

பெருக்க வந்த பவுனம்மா கேட்டாள்,
"நம்பரும் இல்ல, சீலும் இல்ல,
இத்த ஊத்திரவா சார்?"

வாஷ்பேசினில் ஊற்றினால் பின்பக்கச் சாக்கடை.
சாக்கடை போவது பக்கிங்காம் கால்வாய்.
கால்வாய் வடக்கே போய்
கழிமுகத்தில் திறக்கும்,
இடுப்பளவில் அவள் நிற்கும் இடத்தில்.

"வேணாம், இருக்கட்டும்" என்றேன்.

இருக்கிறது.