இருபத்துநான்கு மணி நேரம்

பழைய பல்துலக்கியால் சந்து சந்தாகத் தேய்த்தேன்.
டைலுக்கு ஒன்றும் ஆகாது.
இரண்டு டைலுக்கு நடுவே
நூல் கனத்தில் கிடக்கும் பூச்சுதான்
குடிக்கும், கறுக்கும், கசியும்.

சீலர் தடவி, மிச்சத்தைத் துணியால் ஒற்றியெடுத்தேன்.
நாளை இதே நேரம்வரை
சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்றது டப்பா.

திபிலிசியின் ஜூலைப் புழுக்கம்.
முழங்கைவரை சிமெண்டுத் தூள்.
துண்டோடு ஒரு மாடி இறங்கி
லமாராவின் கதவைத் தட்டினேன்.
பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருடம்.

"வெந்நீர் வர நேரமாகும்" என்றாள்,
வழிவிட்டு.
"விளக்கைப் போட்டுக்கொள், நோதார்."

தொட்டியில் மல்லாந்தேன்.
தலைக்கு மேலே,
தேநீர் நிறத்தில்
விளிம்புக்குள் விளிம்பாய்ப் பரந்த கறை.
நான் குளித்த குளியலெல்லாம்
தேதிவாரியாக
அங்கே இருந்தது.