கழித்தல் குறி

வேல்ஸின் ஓயாத மழையிலிருந்து
வருடத்துக்கு ஒரு சாண் சொச்சம் மழை பெய்யும்
லான்சோவுக்கு
நிலத்தடி நீர் நடத்த வந்தேன்.

"கேள்வி இருக்கிறதா?"
நாற்பத்து மூன்று முகங்கள்.
நாற்பத்து மூன்று வெந்நீர்க் குடுவைகள்.
கிணற்றில் போட்ட கல்.
கல்லுக்காவது விழுந்த சத்தம் உண்டு.
வகுப்புத் தலைவி பாங் ஜின்யூ எழுந்து
"எல்லோருக்கும் புரிந்தது, ஆசிரியரே" என்றாள்,
வந்திறங்கிய சரக்கை எண்ணிப் பார்த்துக்
கையெழுத்துப் போடுகிறவளைப் போல.

நகைச்சுவை ஒன்று சொன்னேன்.
குறித்துக்கொண்டார்கள்.

ஒருவன் தனக்கு ஜூபிடர் என்று
பெயர் வைத்திருந்தான்.
நிஜப் பெயரைச் சொல் என்றேன். சொன்னான்.
நான் திருப்பிச் சொன்னதைக் கேட்டுவிட்டு
"ஜூபிடரே இருக்கட்டும்" என்றான்,
மிகப் பணிவாக.

மதியம் வளாகமே தூங்கும்.
மேசைமேல் கவிழ்ந்த தலைகள்,
தாழ்வாரத்தில் என் செருப்பு மட்டும் விழித்திருக்கும்.
அப்படி ஒரு மதியத்தில்தான்
ஊரிலிருக்கும் துறைத்தலைவருக்கு எழுதினேன்:
நன்றாகக் குறிப்பெடுக்கிறார்கள்,
யோசிக்கிறார்களா, தெரியவில்லை.
அந்த ஒரு வரியைத்
திரும்ப வாங்க முடிந்தால் தேவலை.

ஐந்தாம் வாரம். புழுதிக் காற்று.
நூடுல்ஸ் கடையில் எதிர் இருக்கையில்
மியாவ் ரூவோலான்,
கடைசி வரிசைப் பெண்.
கிண்ணத்துக்குப் பக்கத்தில் திறந்த நோட்டு,
ஓரத்தில் மிளகாய் எண்ணெய்.
தலைகீழாக வாசித்தேன்.
என் சமன்பாடு.
அதன் முன்னால்
நான் போடாத ஒரு சிறு கோடு.

கழித்தல் குறி.

அதில்லாவிட்டால் என்ன ஆகும் என்பது
எந்தப் பாடப்புத்தகத்திலும் முதல் பக்கத்தில் இருக்கும்.
நான்கு வாரமாக என் கரும்பலகையில்
தண்ணீர்
பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

பக்கத்து மேசையில் ஜூபிடர்.
அவன் நோட்டிலும் அந்தக் கோடு.
ஜின்யூவின் நோட்டில் அடிக்கோல் வைத்துப் போட்ட கோடு.
நான் ஏற்றிவிட்ட தண்ணீரை எல்லாம்
சத்தமில்லாமல்
அவரவர் பக்கத்தில்
கீழே இறக்கி வைத்திருந்தார்கள்.

"ஏன் ஒருவரும் சொல்லவில்லை?"

ரூவோலான் குச்சிகளைக் கிண்ணத்தின்மேல் கிடத்தினாள்.
"சொன்னோமே.
இரண்டாம் வாரம், கதவருகே,
உயரம் எந்தத் திசையில் கூடுகிறது என்று
ஜின்யூ கேட்டாள்.
நல்ல கேள்வி என்றீர்கள்.
கோட்டு மாட்டிக்கொண்டிருந்தீர்கள்."

மாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.
அந்தக் கோட்டின் இடது கை
எப்போதும் மடிப்பில் சிக்கும்,
அதுகூட நினைவிருக்கிறது.
கேள்வி நினைவில்லை.

திங்கட்கிழமை
சமன்பாட்டை மறுபடி எழுதினேன்,
குறி இல்லாமல்.
சுண்ணக்கட்டியை மேசை விளிம்பில் வைத்துவிட்டு
ஜன்னலோரம் போய் நின்றேன்.
கீழே மஞ்சளாறு
பலகை எதையும் பாராமல்
கிழக்கே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.
குடுவை ஒன்று மூடி திறந்து மூடியது.
யாரோ இருமினார்கள்.
இன்னும் கொஞ்ச நேரம்.
திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது
நாற்காலி ஒன்று தரையில் உரசியது.

ஜின்யூ இல்லை. ரூவோலானும் இல்லை.
ஜூபிடர் வந்தான்,
ஒரு விரல் நீளத்துக்குக் கோடு கிழித்தான்,
கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
போய் உட்கார்ந்தான்.
அன்றைக்கு யாரும் குறிப்பெடுக்கவில்லை.

மணி அடித்ததும் கதவருகே நின்றேன்,
கோட்டைக் கையில் தொங்கவிட்டபடி.
"நிங் ருய்" என்றேன்.
தலையாட்டினான்.
மறுபடி சொன்னேன். தலையாட்டினான்.
மூன்றாம் முறை
சுற்றிலும் பார்த்துவிட்டு, மெதுவாக,
"ருய் இன்னும் கொஞ்சம்
கீழே இறங்கணும், ஆசிரியரே."